தோல் வணிகர் தித்

சபை வரலாறுகள் பெரும்பாலும் ஆயர்களையும் ஆலயங்களையுமே போற்றுகின்றன. ஆயின், அன்றைய பஞ்சாபிலிருந்து இன்று பாகிஸ்தானில் அமைந்துள்ள சியால்கோட் மாவட்டத்தின் வரலாற்றில் எழுத்தறியாத தோல் வணிகர் ஒருவரை நாம் காண்கிறோம்.

1855இல் அங்கு வந்த அமெரிக்க மிஷனரிமார் பல்லாண்டு உழைத்தும் சபையில் சேர்ந்தோர் மிகச் சிலரே. 1873இல் தித் என்பவர் போதகர் மார்ட்டினிடம் ஞானஸ்நானம் பெற்றார். சூஹ்ரா என்று இழித்துரைக்கப்பட்ட குலத்தினர், கால் ஊனமுற்றவர். மிஷன் வளாகத்தில் தங்காது தம் ஊருக்கே திரும்பினார். உறவினர் அவரோடு உண்ண மறுத்தனர். அவரோ மனந்தளராது, தொழிலையும் விடாது, தோல் வாங்கச் சென்ற ஊர்தோறும் தம் நம்பிக்கையை எடுத்துரைத்தார். இரண்டே மாதங்களில் மனைவி, மகள், அயலார் இருவர் ஆகியோரைச் சுமார் 30 மைல் நடத்தி அழைத்துவந்தார். 1915ஆம் ஆண்டளவில் அம்மாவட்டச் சூஹ்ரா மக்களுள் மிகப் பெரும்பாலோர் கிறித்தவராயினர்.

மதம் மாறியதால் சாதி இழிவு முற்றும் ஒழிந்துவிடவில்லை. எனினும், தாழ்த்தப்பட்டோர் தம் வழியைத் தாமே தேர்ந்தனர். மிஷனரிமார் அவர்கள்பின் சென்றனர் என்பதே நாம் இங்கு உணரத்தக்க உண்மை.

இளைஞர்களே! கற்றபின் ஊரைத் துறப்பது எளிது. திரும்பிச் சென்று உறவினரிடையே உழைத்தவரே ஒரு மாவட்டத்தை மாற்றினார். வெள்ளிவிழாக் காணும் நாம் அவ்வழியில் நடப்போமாக!