மாற்றவியலா மின்னணுக் காப்பகம்

ஒருமுறை பதிந்த கோப்பை, குறித்த காலம் முடியும்வரை எவரும் திருத்தவோ அழிக்கவோ இயலாதபடி பூட்டிவைக்கும் சேமிப்பு முறை. கோவை மாவட்டம் கருமத்தம்பட்டி போன்ற விசைத்தறி, நூற்பாலை ஊர்களில் இதன் தேவை கணக்கு வழக்கிலிருந்தே எழுகிறது. கணக்கேடுகளை 8 நிதியாண்டுகள் காக்கச் சொல்கிறது 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம். தனியாள் நடத்தும் தறிக்கூடத்துக்கு அது பொருந்தாது, ஆனால் ஜி.எஸ்.டி. பதிவு இருந்தால், ஆண்டு அறிக்கைக்கான கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் கட்டாயம். 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளின் கணக்கு மென்பொருள் ஒவ்வொரு திருத்தத்தையும் தேதியோடு பதியவேண்டும். அந்தப் பதிவை அணைத்துவைக்க வழி இருக்கக் கூடாது.

சேமிப்பகத்தில் பூட்டு இரு வகை. ‘கவர்னன்ஸ்’ முறையில் சிறப்பு அனுமதி உள்ளவர் திறக்கலாம். ‘கம்ப்ளையன்ஸ்’ முறையில் நிர்வாகிக்கும் அந்த உரிமை இல்லை: காலத்தை நீட்டலாம், குறைக்க முடியாது. கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் ரான்சம்வேரை எதிர்கொள்ள இதுவே வலுவானது. எனினும் 8 ஆண்டுக்குப் பதில் 80 என்று இட்டுவிட்டால் மீட்சியில்லை. சில கோப்புகளை ஒரே நாள் காலக்கெடுவில் பூட்டிச் சோதித்த பிறகே முழுத் தரவையும் ஏற்றவேண்டும். வழக்கு நிலுவையில் உள்ள ஆவணங்களுக்குக் காலவரையற்ற தனிப்பூட்டு உண்டு.