தாழியில் உறங்குவோரும் நம் கடமையும்

தாமிரபரணியின் தென்கரையில், திருவைகுண்டத்திற்கு அருகில் உள்ளது ஆதிச்சநல்லூர். அங்குள்ள 114 ஏக்கர்ப் பரம்பு, பண்டைத் தமிழர் தம் இறந்தோரைத் தாழியிலிட்டுப் புதைத்த இடுகாடாகும். 1876-இல் ஜெர்மானியரான ஜாகோர் அதனை அகழ்ந்து, கிடைத்தவற்றைப் பெர்லினுக்குக் கொண்டு சென்றார். பின்னர் 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ விரிவாக அகழ்ந்தார். பொன் நெற்றிப்பட்டங்களும் இரும்புக் கருவிகளும் மண்டையோடுகளும் சென்னை அருங்காட்சியகத்தை அடைந்தன.

பட்டமும் கருவியும் மனிதன் செய்த பொருள்கள். மண்டையோடோ மனிதனின் உடல். ஆயினும் அதனை அளந்து, இன்ன இனத்தது என வகுப்பதிலேயே அக்கால ஆய்வு முனைந்து நின்றது. 1930-இல் சென்னை அருங்காட்சியகம் வெளியிட்ட சக்கர்மனின் ஆய்வு நூலும் அவ்வழியதே.

இலங்கை வேடரின் மண்டையோடுகளும் இவ்வாறே எடின்பரோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தன. 2019 நவம்பரில் அவற்றுள் ஒன்பது வேடர் தலைவரிடம் ஒப்படைக்கப்பட்டன. அங்கே பெற்றுக்கொள்ள உரியவர் இருந்தனர். ஆதிச்சநல்லூரின் இறந்தோர்க்கோ பெயர் சொல்லி உரிமை கோர எவருமிலர்.

உரியவர் இல்லையெனில் கடமையும் இல்லையா? நம் சட்ட நூல்கள் அவ்வாறு கூறவில்லை. நல்லடக்கம் பர்ளு கிபாயா ஆகும். சிலர் நிறைவேற்றின் ஏனையோர் பொறுப்பு நீங்கும். எவரும் முன்வராவிடில் குற்றம் அனைவரையும் சாரும். இச்சட்டம் முஸ்லிம்களின் ஜனாஸா பற்றியதே எனினும், இறந்தோர்க்குரிய மரியாதை சமயம் கடந்தது. யூதர் ஒருவரின் ஜனாஸா கடந்தபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எழுந்து நின்றார்கள். வேதாரண்யம் முதல் நாகூர் வரையுள்ள நம் கடற்கரையினர்க்கு இது புதிதன்று. 2004 டிசம்பர் 26-இன் ஆழிப்பேரலைக்குப் பின், அடையாளம் தெரியாத உடல்களை அடக்கம் செய்த மண் இது.

அருங்காட்சியகத்தார்க்கு அக்கடமை யாது? ஒருவர் எலும்பு மற்றவர் எலும்போடு கலவாமல் வைத்தல். எத்தாழியில் கிடைத்தது என்னும் குறிப்பைக் காத்தல். ஈரமும் பூச்சியும் அணுகாமல் பேணுதல். மரபணு ஆய்வுக்காகப் பல்லையோ செவியெலும்பையோ துளைக்குமுன், அது இன்றியமையாததா என வினவுதல்.

2023-இல் ஆதிச்சநல்லூரிலேயே, அகழ்ந்த குழியில் தாழிகளை விட்டுவைத்துக் கண்ணாடித் தளத்தின் வழியே காணும் அமைப்பு ஏற்பட்டது. பெயர்த்தெடுத்துச் செல்வதினும் இது நன்று. எனினும் கப்றின் மேல் நடப்பதைத் தவிர்க்கும் நாம், அக்கண்ணாடியின் மேல் நிற்கும்போது கீழே உறங்குவோரும் ஒருகாலத்தில் அழுதோரால் அடக்கம் செய்யப்பட்டவரே என்பதை நினைத்தல் வேண்டும். காண்போர்க்கு அதனை உணர்த்துவது, எலும்பைக் காப்பதை ஒத்த கடமையாகும்.