பட்டாணிச் செடியும் தீக்குச்சிகளும்

சென்ற ஆண்டு முதுகலை மாணவர்களுடன் மேகமலைக்குச் சென்றிருந்தோம். சின்னமனூரிலிருந்து ஏறும் சாலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் நம் இலக்கியங்களில் பயிலும் மலர்களின் பெயர்களைச் சூட்டியிருக்கிறார்கள். வளைவுக்கு வளைவு பாடம் நடத்தலாம் என்பது நமது திட்டம். மாணவர்களின் திட்டமோ வேறு. தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய மேட்டில் ஓர் எவர்சில்வர் டம்ளரை வைத்தனர். தோழி ஒருத்தியைச் சற்றுத் தொலைவில் நிற்கச் செய்தனர். கைப்பேசியைத் தரையோடு தரையாகப் பிடித்துப் படமெடுத்தனர். படத்தில் அப்பெண் டம்ளருக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாள்!

"இதெல்லாம் எங்கள் காலத்து விளையாட்டு ஐயா" என்றான் ஒருவன். அவனுக்கு அன்று சொன்ன மறுமொழியின் விரிவே இக்கட்டுரை.

ஒளிப்படக் கருவிக்கு ஒற்றைக் கண். அருகில் உள்ளது எது, தொலைவில் உள்ளது எது என்பதை அது அறியாது. டம்ளர் வித்தையின் சூட்சுமம் அவ்வளவே. அசையும் படமெடுக்கும் கருவிக்கு இன்னோர் அறியாமையும் உண்டு. ஒரு சட்டகத்திற்கும் அடுத்த சட்டகத்திற்கும் இடையே நடந்தது எதுவும் அதற்குத் தெரியாது. இந்த இரண்டாவது அறியாமையிலிருந்துதான் இந்தியத் திரைப்படம் முளைத்தது என்றால் வாசகர்கள் வியக்கக்கூடும். முளைத்தது என்பது இங்கு உவமையன்று.

தாதாசாகேப் பால்கே 1912ஆம் ஆண்டு இலண்டனுக்குச் சென்று படப்பிடிப்புக் கருவியுடன் பம்பாய் திரும்பினார். ஆயுள் காப்பீட்டுப் பத்திரங்களை அடகு வைத்துச் சென்ற பயணம் அது. கருவி வந்துவிட்டது, படமெடுக்கப் பணமில்லை. கடன் கொடுப்போரை நம்பச் செய்ய அவர் தேர்ந்த கதாநாயகன் ஒரு பட்டாணி விதை! தொட்டியில் அதை ஊன்றி, எதிரே கருவியை நிறுத்தி, ஒரு மாதத்திற்கும் மேலாகச் சிறிது சிறிதாகப் படம் பிடித்தார். ஓட்டிக் காட்டியபோது விதை முளைத்து, கொடியாகி, கண்ணெதிரே வளர்ந்தது. பார்த்தவர் கடன் தந்தார். 1913 மே 3 அன்று 'ராஜா ஹரிச்சந்திரா' திரைக்கு வந்தது.

இங்கே ஒரு கணக்கு. நாளுக்கு ஒரு சட்டகம் வீதம் எடுத்தார் என்றும், படம் ஒரு நிமிடம் ஓடியது என்றும் ஒரே மூச்சில் எழுதுகிறார்கள். நொடிக்கு 16 சட்டகங்கள் என்று கொண்டால் ஒரு நிமிடத்திற்கு 960 வேண்டும். நாளுக்கு ஒன்றெனில் மாத முடிவில் இரண்டு நொடிப் படம்தான் தேறும். எனவே அவர் நாள்தோறும் பலமுறை கருவியின் கைப்பிடியைச் சுழற்றியிருக்க வேண்டும். இதைக் கணக்கிட்டுப் பாராமல் நாமும் சில ஆண்டுகள் வகுப்பில் ஒப்பித்திருக்கிறோம் என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

பால்கே ஒளிப்படக் கலைஞர் மட்டுமல்லர், மேடையில் செப்படி வித்தை காட்டியவருமாவார். பெயரைத் திருப்பிப் போட்டு 'புரொபசர் கெல்பா' என்று வைத்துக்கொண்டிருந்தார். முதல் உலகப் போர் மூண்டு பணம் தருவோர் கைவிரித்த நாட்களில் அவர் குறும்படங்களில் இறங்கினார். 1915இல் எடுத்த ஒன்றில் நடித்தவை தீக்குச்சிகள். ஒரு குச்சியை நகர்த்துவது, ஒரு சட்டகம் எடுப்பது, மீண்டும் நகர்த்துவது. பிரான்சில் எமில் கோல் 1908இலேயே தீக்குச்சிகளை ஆடவைத்திருந்தார். அமெரிக்காவில் பிளாக்டன் 1907இல் கத்தி தானே ரொட்டியை அறுப்பதுபோல் காட்டிவிட்டார். ஆக, உலகெங்கும் இவ்வித்தை அடுக்களைப் பொருட்களிலிருந்தே தொடங்கியிருக்கிறது. (1915இல் சிவகாசித் தீப்பெட்டித் தொழில் தோன்றவில்லை. அக்காலத்தில் இந்தியர் உரசிய குச்சிகளில் பெரும்பாலானவை சுவீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்தவை.)

பட்டாணிப் படமும் தீக்குச்சிப் படமும் இன்று கிடைப்பதில்லை. தமிழகத்தின் முதல் கதைப்படமாகிய நடராஜ முதலியாரின் 'கீசக வதம்' மட்டும் என்ன, அதுவும் அழிந்துதான் போயிற்று.

படச்சுருளோடு மறைந்த இன்னொன்று நம்மை மேலும் உறுத்துகிறது. பால்கே வீட்டுப் பொருட்களைக் கொண்டு படமெடுத்தார் என்கிறோமே, அந்த வீட்டை நடத்தியவர் யார்? அவர் மனைவி சரஸ்வதிபாய். நகைகளைக் கொடுத்தார். படச்சுருளுக்குத் துளையிட்டார், இரசாயனங்களைக் கலந்தார். வெயிலை நடிகர் முகத்தில் திருப்ப வெள்ளைப் படுக்கை விரிப்பைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் நின்றார். பிறகு படக்குழு முழுமைக்கும் சமைத்தார். ஒரு படுக்கை விரிப்பு ஒளி தரும் கருவியாக மாறியதே, அதைவிடப் பெரிய தந்திரக் காட்சி ஏது? ஆயினும் திரைப்பட வரலாறுகளில் அவ்வம்மையாருக்குக் கிடைப்பது ஓரிரு வரிகளே.

தமிழர்க்கு இவ்வகையில் நெருக்கமானது 1957இல் வெளிவந்த 'மாயா பஜார்'. கடோத்கசனாக ரங்காராவ் அமர்ந்திருக்க, பலகாரங்கள் தாமாகவே அவர் வாயை நாடிச் செல்லும் அக்காட்சியைக் காணாத வீடு தேனி மாவட்டத்தில் இருக்குமோ, ஐயமே! ஒளிப்பதிவு மார்க்கஸ் பார்ட்லி. கணினி வராத காலம் அது.

திரும்பும் வழியில் சின்னமனூரில் தேநீருக்கு நின்றோம். முன்னர் பேசிய அதே மாணவன் கடைக்காரரிடம் தீப்பெட்டி ஒன்றை இரவல் வாங்கி, மேசையில் குச்சிகளைப் பரப்பினான். ஒருத்தி நகர்த்த, அவன் படமெடுத்தான். காற்று இருமுறை கலைத்தது, மீண்டும் அடுக்கினார்கள். பேருந்து புறப்படுவதற்குள் 48 படங்கள் தேறின. நொடிக்கு 16 என்று ஓட்டினால் மூன்று நொடி.

"அடுத்த வாரம் முடித்துவிடுவோம் ஐயா" என்றான்.