துவக்கும் ஈயக் குண்டும்

வாளும் வேலும் ஏந்திய வீரரைப் போற்றுகிறோம்; துவக்குக்கு ஈயக் குண்டு வார்த்தவரை நினைப்பாரில்லை. போர்த்துக்கேயர் வருகைக்குப்பின் ஈழத்துப் போர்களில் துவக்குகள் பெருகின. இலங்கைக் கம்மியர் செய்த துவக்குக் குழாய்கள் வெள்ளிபோல் ஒளிர்ந்தனவென, 1596இல் வெளிவந்த தம் நூலில் ஒல்லாந்தப் பயணி லின்ஸ்கோட்டன் வியந்துள்ளார்.

அக்காலத் துவக்குகள் ஒரே அளவின அல்ல. ஆதலால் அந்தந்தக் குழாய்க்கேற்ற அச்சு வேண்டும். குறடு போன்ற அச்சின் இரு பாதிகளையும் இறுகச் சேர்த்து, உருக்கிய காரீயத்தைத் துளைவழியே வார்ப்பர். 327 பாகை வெப்பத்திலேயே ஈயம் உருகுமாதலின் பேருலை வேண்டியதில்லை. இறுகியபின் அச்சைத் திறந்து, குண்டின் வாலை நறுக்குவர். பாதிகள் பொருந்தாவிடின் குண்டில் விளிம்பெழும்; அது குழாயுள் செவ்வனே இறங்காது.

அரசும் அத்தகையதே. 1617இல் சங்கிலி குமாரன் அரச குடும்பத்தாரைக் கொன்று ஆட்சியைக் கைப்பற்றினான். மறு ஆண்டே கிளர்ச்சி எழுந்தது. 1619இல் பிலிப் தெ ஒலிவேறாவின் படைமுன் நல்லூர் வீழ்ந்தது. 1621இல் கந்தசுவாமி கோயிலும் இடிக்கப்பட்டது.

இந்நாட்டில் கைத்திறனுக்குக் குறைவில்லை, குறைந்தது ஒற்றுமையே. இளைஞர்காள்! அச்சின் இரு பாதிகள்போல் பொருந்தி நிற்போமாக. நல்லூர்க் கந்தன் துணைபுரிவானாக.