பட்டன் ஒன்று, ஓட்டம் இரண்டு: @ குறி வந்த கதை

லாஸ்பேட்டையில் பைத்தான் பழகும் தம்பி ஒருவன் கேட்டான்: "அண்ணே, பட்டனை ஒரு தடவைதான் அழுத்துறேன். ஃபங்ஷன் ஏன் ரெண்டு தடவை ஓடுது?" பில் போடும் நிரல் அது. ஒரே பில் ரெண்டா பதிவானா கடைக்காரர் சும்மா விடுவாரா?

காரணம் க்யூட் நூலகத்தில் இருக்கிறது. 1995ல் வெளிவந்த இந்த சி++ நூலகத்தில் பட்டனை அழுத்தினால் 'சிக்னல்' கிளம்பும். அதை வாங்கி வேலை செய்யும் ஃபங்ஷன் 'ஸ்லாட்'. எது ஸ்லாட் என்பதை 'மாக்' என்ற துணை நிரல் படித்துக் குறித்துக்கொள்ளும்.

பைத்தானுக்கான பைக்யூட்டியில் மாக் கிடையாது. 'ஆன்_பட்டன்பெயர்_கிளிக்டு' என்று பெயர் வைத்தால் இணைப்பு தானாக நடக்கும். ஆனால் கிளிக்டு சிக்னலுக்கு இரண்டு வடிவம்: மதிப்பே இல்லாதது ஒன்று, உண்மை/பொய் மதிப்போடு வருவது இன்னொன்று. எது வேண்டும் என்று பெயரில் இல்லை. அதனால் ரெண்டோடும் இணைந்துவிடுகிறது.

தீர்வுக்கு வழி திறந்தது 2004 நவம்பரில் வந்த பைத்தான் 2.4. அதுவரை ஃபங்ஷனை எழுதி முடித்த பிறகுதான், கீழே தனி வரியில், 'இது கிளாஸ்மெத்தட்' என்று சொல்ல முடியும். பெப் 318 முன்மொழிவு அந்தக் குறிப்பை @ போட்டு ஃபங்ஷனின் தலைக்கு மேலே ஏற்றியது. இதுதான் டெக்கரேட்டர்.

பைக்யூட்டி இதைப் பிடித்துக்கொண்டது. முதலில் பைக்யூட்டிசிக்னேச்சர், 2009ல், 4.5 பதிப்பில், @பைக்யூட்டிஸ்லாட்(). அடைப்புக்குள் வெறுமையாக விட்டால் மதிப்பில்லாத வடிவம் மட்டும் இணையும். 2018ல் ஜிடிகேவின் பைத்தான் இணைப்பான பைஜிஆப்ஜெக்டும் @ஜிடிகே.டெம்ப்ளேட்.கால்பேக்() என்று இதே வழிக்கு வந்தது.

தம்பியின் நிரலில் சேர்க்க வேண்டியது ஒரே வரிதான். ஃபங்ஷன் ஒரு ஸ்லாட் என்று அதைப் படிக்கும் அடுத்தவருக்கும் அந்த வரியே சொல்லிவிடும்.