பந்தலும் பள்ளிவாசலும்

நிக்காஹை மணமகள் வீட்டுப் பந்தலில் நடத்துவதா, பள்ளிவாசலில் நடத்துவதா என்னும் சர்ச்சை தமிழ்நாட்டு முஸ்லிம்களிடையே அவ்வப்போது எழுவதுண்டு. எழும்போதெல்லாம் இரு கட்சியாரும் கிதாபுகளையே துணைக்கு அழைப்பார்களாயினும், பழைய வழக்கங்களைச் சற்றே கூர்ந்து நோக்குபவருக்கு, இவ்விவாதத்தின் வேர் கிதாபைக் காட்டிலும் நம் வீடுகளின் முற்றத்திலும் தாழ்வாரத்திலுமே அதிகமாக ஓடியிருப்பது புலனாகும்.

கிதாபு சொல்வது சுருக்கமானது. இஸ்லாத்தில் விவாகம் ஓர் ஒப்பந்தம். ஒருவர் கொடுத்தேன் என்பதும் மற்றவர் ஏற்றேன் என்பதும், அதைக் காதாரக் கேட்ட சாட்சிகள் இருவரும், பெண்ணுக்குரிய மஹரும் கிரமப்படி அமைந்துவிட்டால், அது மாமரத்தடியில் நடந்தாலும் மரக்கலத்தில் நடந்தாலும் நிக்காஹ்தான். நிக்காஹைப் பகிரங்கப்படுத்தி, பள்ளியில் நடத்தி, தஃப் கொட்டுமாறு பணிக்கும் நபிமொழி ஒன்று ஆயிஷா நாயகியின் வாயிலாக இமாம் திர்மிதியின் தொகுப்பில் இடம்பெற்றிருக்கிறது. ஆனால் ஹிஜ்ரி 279-இல் மறைந்த அவ்விமாமே அதன் அறிவிப்பாளர் ஒருவர் பலவீனமானவர் என்று குறித்துவைத்துவிட்டபடியால், அதை மட்டும் பற்றிக்கொண்டு பள்ளியே ஸ்தலம் என்று விதிப்பதற்கில்லை. ஆயினும் சட்ட அறிஞர் பெரும்பாலோர் பள்ளியை விரும்பத்தக்க இடமாகவே கருதினர். ஹனபி மத்ஹபின் இப்னுல் ஹுமாம் வெள்ளிக்கிழமையையும் அதனோடு சேர்த்துச் சிலாகித்தார். மாலிக்கிகள் மட்டும், நடத்தலாம், ஆனால் குரல் உயரக்கூடாது, நிபந்தனைப் பேச்சு கூடாது என்று நிறுத்திக்கொண்டனர். நகைப் பேச்சும் சீர்ப் பேச்சும் பந்தற்கால்வரை தொடர்ந்து வருவதைக் கண்டிருக்கும் நமக்கு, உள்நாட்டு ஹனபிகளும் கடற்கரை ஷாபிஈகளுமாக வாழும் இத்தமிழகத்தில் வழங்காத அந்த மத்ஹபின் எச்சரிக்கைதான் மிகவும் பொருத்தமாகப் படுகிறது.

இத்தனை ஆதரவு இருந்தும் நிக்காஹ் நெடுங்காலம் வீட்டிலேயே தங்கியதற்குக் காரணம் பெண்கள். பள்ளிக்குச் சென்று தொழும் வழக்கம் நம் பெண்களுக்குப் பெரும்பாலும் இல்லாதிருந்தது. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற பட்டினங்களிலோ மாப்பிள்ளை மனைவி வீட்டில் குடியேறுவதே மரபாதலின், வீடு பெண்ணுக்கும் பள்ளி ஆணுக்கும் உரியனவாகப் பிரிந்து நின்றன. ஆகவே மாப்பிள்ளை பைத்து முழங்க ஊர்வலமாக வந்தார்; லெப்பையும் பள்ளியின் தப்தரைத் துணியில் சுற்றி இடுக்கிக்கொண்டு வந்தார். கருகமணியைப் பெண்ணின் கழுத்தில் கட்டும் வழக்கமோ அரபு நாட்டிலிருந்து வந்ததன்று, இம்மண்ணில் விளைந்தது. அதைக் கட்டியவர் மாப்பிள்ளையின் சகோதரியோ வீட்டு மூதாட்டியோ ஆதலின், அந்த வைபவத்துக்கு உள்ளறைதான் வேண்டியிருந்தது.

காஜியின் கதையும் இதனோடு ஒட்டியதே. 1864-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அரசாங்கம் காஜி நியமனத்தைக் கைவிட்டபின், சில பகுதி முஸ்லிம்களின் விவாகங்களுக்கு அரசாங்கம் நியமித்த காஜியின் பிரசன்னம் வழக்கப்படி அவசியமென்று உணரப்பட்டமையால் 1880-ஆம் ஆண்டின் காஜிகள் சட்டம் பிறந்தது. முதலில் அது சென்னை மாகாணத்துக்கே உரியதாயிருந்தது. ஆனால் காஜி வந்தேயாகவேண்டும் என்பதில்லை, அவ்வேலையைப் பிறரும் செய்யலாம் என்று அச்சட்டமே இடம் விட்டுவைத்தது. ஆதலால் சிற்றூர்களில் அதிகாரமெல்லாம் ஜமாஅத்தின் தப்தரிலேயே குடிகொண்டது. கல்யாணம் எங்கே நடந்தாலும், பெயரும் தகப்பனார் பெயரும் மஹர்த் தொகையும் ஏறுவது பள்ளியின் புத்தகத்தில்தான். அதைத் தர மறுத்தே ஒரு குடும்பத்தை வழிக்குக் கொண்டுவந்த ஜமாஅத்துகளும் உண்டு.

பின்னாளில் கைக்கூலியை எதிர்த்துக் கிளம்பிய சீர்திருத்தக்காரர்கள் பள்ளியை நாடியதில் வியப்பில்லை. இரும்பு மோதிரம்கூடத் தேடிக் கிடைக்காத ஏழை ஒருவருக்கு, அவர் மனனம் செய்திருந்த குர்ஆன் அத்தியாயங்களையே முன்னிட்டு நபிகள் நாயகம் மணமுடித்துவைத்த வரலாறு புகாரியில் இருக்க, மாப்பிள்ளைக்கு விலை பேசுவதை எந்த வாயால் நியாயப்படுத்துவது? என் அபிப்பிராயமும் பள்ளியின் பக்கமே. கடை முதலாளியும் அவர் கடையில் மூட்டை சுமப்பவரும் ஒரே பாயில் தோளுரச அமர்வதைப் பந்தலில் நான் அதிகமாகக் கண்டதில்லை.

ஒன்றுதான் உறுத்துகிறது. வீட்டுக் கல்யாணத்தில் பெண்ணுக்கும் சபைக்கும் நடுவே இருந்தது ஒரு திரை. பள்ளிக் கல்யாணத்திலோ இரண்டு தெரு. பெண்ணின் தகப்பனாரும் சாட்சிகள் இருவரும் செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய், மாப்பிள்ளை இன்னார், மஹர் இவ்வளவு, "சம்மதமா அம்மா?" என்று கேட்கவேண்டும். கன்னியின் மௌனமே சம்மதம் என்பது கிதாபு. ஆனாலும் "வாயைத் திறந்து சொல்லு புள்ளே" என்று பின்னாலிருந்து ஒரு கிழவி இடிக்காமல் இருப்பதில்லை. கையெழுத்துக்காகத் தப்தரையும் அவர்கள் கையோடு எடுத்துப் போய்விடுவதால், அது திரும்பி வரும்வரை மாப்பிள்ளை கழுத்தில் மாலை கனக்க, வெறும் சாய்மேசைக்கு எதிரே உட்கார்ந்திருப்பார்.