ராத்திரி 9.30-க்கு போனைத் திறந்தா ஆப்பிரிக்கக் காடு! லைவ் கேமரா கத்துக்கொடுக்கும் செண்பகத்தோப்பு பாடம்

சாப்பிட்டு முடித்து, போனைக் கையில் எடுக்கும் நேரம் இரவு 9.30 என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது தென்னாப்பிரிக்காவில் மாலை 6 மணி. வெயில் இறங்கி, விலங்குகள் தண்ணீர் தேடிக் கிளம்பும் நேரம். விசா வேண்டாம், ஜீப் வேண்டாம், படுத்துக்கொண்டே அதைப் பார்க்கலாம். காட்டுக்குள் நீர்நிலைகளின் ஓரத்தில் பொருத்தப்பட்ட லைவ் கேமராக்கள், 24 மணி நேரமும் இணையத்தில் ஓடிக்கொண்டே இருக்கின்றன.

'இதுக்கும் நம்ம ஊருக்கும் என்ன சம்பந்தம்?' என்கிறீர்களா? லீவு விட்டால் ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பக்கத்து ஆட்கள் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போகும் செண்பகத்தோப்புக்கு இதில் நிறைய சம்பந்தம் இருக்கிறது. முதலில் கேமராவைப் பார்த்துவிடுவோம்.

எங்கே பார்க்கலாம்?

இந்த விஷயத்தில் சீனியர், தென்னாப்பிரிக்காவின் 'ஆஃப்ரிகேம்'. 1998-ல் ஆரம்பித்தது. அன்றைய இன்டர்நெட் வேகத்தில் வீடியோவெல்லாம் ஓடாது; புகைப்படம்தான் அவ்வப்போது மாறும். இன்று துல்லியமான வீடியோ, கூடவே காட்டின் சத்தமும் கேட்கும்.

பெரிய தந்தங்கள் கொண்ட யானைகளைப் பார்க்க, மொசாம்பிக் எல்லையை ஒட்டிய 'டெம்பே யானைப் பூங்கா' கேமரா. நீர்யானை பிடிக்குமா? கென்யாவின் 'ம்பாலா' கேமராவுக்குப் போங்கள். 'எக்ஸ்ப்ளோர்' தளத்தில் ஆப்பிரிக்கக் கேமராக்கள் பல ஒரே இடத்தில் கிடைக்கும். யூடியூபில் நமீபியாவின் நமீப் பாலைவன கேமராவுக்குத் தனி ரசிகர் கூட்டமே இருக்கிறது. சுற்றிலும் வெறும் மணல், நடுவில் ஒரு சின்னத் தண்ணீர்க் குட்டை, அவ்வளவுதான். நீளக் கொம்பு ஓரிக்ஸ், வரிக்குதிரை, தீக்கோழி, நரி என ஒவ்வொன்றாக வந்து போகும்.

எப்போது பார்க்கலாம்?

தென்னாப்பிரிக்காவும் நமீபியாவும் நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால் இருக்கின்றன. கென்யா இரண்டரை மணி நேரம். அதனால் நமக்குக் காலை 9.30 என்றால் அங்கே விடியல், இரவு 9.30 என்றால் அந்தி. இந்த இரண்டு நேரமும்தான் கூட்டம் அதிகம். இருட்டிய பிறகு கேமரா அகச்சிவப்பு ஒளிக்கு மாறிவிடும். அந்த வெளிச்சம் பெரும்பாலான விலங்குகளின் கண்ணுக்குத் தெரியாது. கழுதைப்புலி, முள்ளம்பன்றியெல்லாம் அப்போதுதான் வரும்.

மாதமும் முக்கியம். தென் ஆப்பிரிக்கப் பகுதியில் மே முதல் அக்டோபர் வரை வறட்சிக் காலம். காட்டில் மற்ற இடங்கள் வற்றிவிடுவதால், மிச்சமிருக்கும் தண்ணீருக்கு எல்லோரும் வந்தாக வேண்டும். ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர்தான் உச்சம். மழை வந்துவிட்டால் விலங்குகள் காடெங்கும் பரவிவிடும், கேமராவில் வெறும் குட்டைதான் தெரியும்.

டேட்டா பற்றிக் கவலையா? 480பி-யில் வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய அரை ஜிபி. தினமும் 1.5 ஜிபி பிளான் போட்டவர்களுக்குக்கூடத் தாங்கும்.

எதைக் கவனிக்கணும்?

சிங்கம் வேட்டையாடும் என்று காத்திருந்தால் போரடித்துவிடும். தண்ணீர் குடிக்கும் விதத்தைப் பாருங்கள், அதில்தான் விஷயமே இருக்கிறது. ஒட்டகச்சிவிங்கி சட்டென்று குடிக்காது. ரொம்ப நேரம் நின்று சுற்றும் முற்றும் பார்க்கும். முன்னங்கால்களை அகட்டி, தலையைத் தாழ்த்திவிட்டால் அவசரத்துக்கு ஓட முடியாது என்பதால்தான் அந்தத் தயக்கம். வரிக்குதிரைக் கூட்டத்தில் சில குடிக்கும்போது சில தலையைத் தூக்கி நிற்கும். யானைக் கூட்டம் வந்தால் மற்றவை ஒதுங்கி வழிவிடும்.

நமீப் கேமராவை நம்ம நேரத்துக்கு மதியம் 12 மணி வாக்கில் திறந்தால், கல் கவுதாரிகள் கூட்டமாக வந்து இறங்கலாம். குஞ்சு பொரித்திருக்கும் காலத்தில் ஆண் பறவை வயிற்றுச் சிறகுகளைத் தண்ணீரில் நனைக்கும். அந்தச் சிறகுகள் பஞ்சு மாதிரித் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். பல கிலோமீட்டர் பறந்துபோய் குஞ்சுகளுக்கு அதைக் கொடுக்கும்.

குட்டைக்குப் பின்னால் ஒரு கணக்கு

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் பார்க்கும் குட்டைகளில் பல, மனிதர்கள் பம்ப் வைத்துத் தண்ணீர் விட்டு உருவாக்கியவை. நல்ல காரியம்தானே என்று தோன்றும். ஆனால், தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்காவில் நடந்தது வேறு. வறண்ட வடபகுதியில் செயற்கைக் குட்டைகள் வந்ததும், அதுவரை அங்கே அதிகம் இல்லாத வரிக்குதிரைகள் பெருகின. அவற்றின் பின்னாலேயே சிங்கங்கள் வந்தன. அங்கே வாழ்ந்த அரிய ரோன் மான்கள் 1986-ல் சுமார் 450 இருந்தன. 1993-ல் சுமார் 45. பிறகு பல குட்டைகளைப் பூங்கா நிர்வாகமே மூடியது. காட்டில் தண்ணீரை எங்கே வைக்கிறோம் என்பது அவ்வளவு பெரிய முடிவு.

நம்ம ஊர்ல கேமரா இல்லையா?

இருக்கு. ஆனால் வேலை வேறு. ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில் சரணாலயம் 1988-ல் அறிவிக்கப்பட்டது. 2021-ல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமானது, தமிழ்நாட்டில் ஐந்தாவது. புலிகள் காப்பகங்களில் பயன்படுவது தானியங்கி கேமரா. எதிரே ஏதாவது நகர்ந்தால் தானாகப் படம் எடுக்கும். அதில் பதியும் வரிகளை வைத்துப் புலிகளைத் தனித்தனியாக அடையாளம் காண்பார்கள்.

தமிழ்நாட்டில் லைவ் கேமரா உயிரைக் காப்பாற்றும் இடமும் உண்டு. கோவை மதுக்கரையில் ரயில் தண்டவாளத்தைக் கடக்கும் யானைகளைக் கண்டுபிடிக்க, 2024 பிப்ரவரியில் 12 கோபுரங்களில் 24 கேமராக்கள் செயல்பாட்டுக்கு வந்தன. யானை தண்டவாளத்தை நெருங்கினால் செயற்கை நுண்ணறிவு கண்டுபிடித்து எச்சரிக்கும். ரயில் ஓட்டுநருக்குத் தகவல் போகும்.

இந்தப் படங்களை ஏன் நமக்கெல்லாம் லைவாகக் காட்டுவதில்லை? புலி எந்த இடத்துக்கு எத்தனை மணிக்கு வரும் என்பது நமக்கு சுவாரஸ்யம், வேட்டைக்காரனுக்கு முகவரி. 2013-ல் மத்தியப் பிரதேசத்தில், பன்னா காப்பகத்துப் புலி ஒன்றின் ஜிபிஎஸ் காலர் தகவல் வரும் மின்னஞ்சலை யாரோ திறக்க முயன்றது செய்தியானது. தென்னாப்பிரிக்காவிலும், காண்டாமிருகப் படத்தை இடத்தோடு சேர்த்துப் பகிராதீர்கள் என்று சுற்றுலாப் பயணிகளைக் கேட்டுக்கொள்கிறார்கள்.

செண்பகத்தோப்புக்குப் போறீங்களா?

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, மலையடிவாரம். மீன்வெட்டிப் பாறை, காட்டழகர் கோயில் என்று பேர் சொன்னாலே இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். சாம்பல் நிற அணில், ஓடையோர மரங்களின் உச்சியிலேயே வாழ்வது. தரைக்கு இறங்குவது அபூர்வம். யானை, காட்டுமாடு, மிளா எல்லாம் தண்ணீருக்கு இறங்கித்தான் ஆக வேண்டும். கோடையில் ஓடை சுருங்கிவிடும். வனத்துறை காட்டுக்குள் தொட்டி வைத்துத் தண்ணீர் நிரப்புவது அதனால்தான்.

இப்போது லைவ் கேமராவில் பார்த்ததை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு சின்னச் சத்தத்துக்கே குடிப்பதை விட்டுவிட்டு ஓடும் மான். அந்த இடத்தில் நாலு பேர், ஒரு புளூடூத் ஸ்பீக்கர், சோப்பு, பிரியாணிப் பொட்டலம். நீங்கள் பாறையில் உட்கார்ந்திருக்கும்வரை, புதருக்குப் பின்னால் ஒரு மிளா காத்துக்கொண்டிருக்கலாம். உங்களுக்கு அது தெரியவே தெரியாது. கேமரா முன்னால் விலங்குகள் இயல்பாக இருப்பதற்கு ஒரே காரணம், அங்கே ஆள் இல்லை என்பதுதான்.

அதனால் நாலு விஷயம் மட்டும்:

• வனத்துறை அனுமதிக்கும் இடத்துக்கு மட்டும், அனுமதிக்கும் நேரத்தில் மட்டும் போங்க. வெயில் சாயும் முன்பே திரும்பிடுங்க. அந்தி நேரம் அவங்களோட ஷிஃப்ட்.

• ஓடையில் சோப்பு, ஷாம்பு வேண்டாம். கீழே குடிக்கிறவங்க இருக்காங்க.

• பாட்டு வேண்டாம். காட்டோட சத்தத்தைக் கேளுங்க.

• விலங்கைப் படம் எடுத்தால் போடுங்க, ஆனால் லொகேஷனை எடுத்துட்டுப் போடுங்க.

யானை தண்ணீர் குடிப்பதைக் கிட்டத்தில் பார்த்தே ஆகணும் என்று தோன்றினால், இரவு 9.30-க்கு டெம்பே கேமராவைத் திறங்க. அங்கே எவ்வளவு நேரம் உட்கார்ந்து பார்த்தாலும் யாருக்கும் தொந்தரவு இல்லை.